ஆண்கள் யாரோடு வேலை செய்கிறார்கள்? டெப் வெர்ஹோவனின் திரைத்துறைக் கணக்கு

திரைத்துறையில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று எந்த மேடையில் கேட்டாலும் பதில் பெண்களைப் பற்றியே வரும். பயிற்சி போதவில்லை, துணிச்சல் போதவில்லை, குழந்தை பிறந்ததும் விலகிவிடுகிறார்கள், பெரிய பட்ஜெட்டைக் கையாளத் தயங்குகிறார்கள் என்று பட்டியல் நீளும். ஆஸ்திரேலியத் திரைப்பட ஆய்வாளர் டெப் வெர்ஹோவன் இந்தப் பேச்சைத் திசைமாற்றினார். பெண்களிடம் என்ன குறை என்று தேடுவதை நிறுத்துங்கள், ஆண்கள் யாரோடு வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள் என்றார். சொன்னதோடு நிற்காமல் தரவைத் திரட்டி, வரைபடமாக வரைந்து காட்டினார். பெண்ணியத் திரைப்பட ஆய்வு கடந்த ஐம்பது ஆண்டுகளில் செய்த வேலைகளில் இதை மிக முக்கியமான ஒன்றாக நான் கருதுகிறேன். அது ஏன் என்பதற்கு அவர் வளர்ந்த துறையின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆஸ்திரேலியத் திரை வரலாற்றில் மெக்டொனா சகோதரிகள் என்று மூவர் உண்டு. பாலெட் இயக்குவார், இசபெல் நடிப்பார், ஃபிலிஸ் கலை இயக்கத்தையும் விளம்பரத்தையும் பார்த்துக்கொள்வார். சிட்னியில் குடும்பம் வாழ்ந்த பெரிய வீட்டையே படப்பிடிப்புத் தளமாக்கி, 1920களின் பிற்பகுதியில் மௌனப்படங்கள் எடுத்தார்கள். 1933இல் வெளிவந்த போர் எதிர்ப்புப் படம்தான் அவர்களின் கடைசி முழுநீளப் படம். ஆஸ்திரேலியாவில் இன்னொரு பெண் முழுநீளக் கதைப்படம் ஒன்றை இயக்கி வெளியிட 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் கில்லியன் ஆம்ஸ்ட்ராங். இடையே 46 ஆண்டுகள். ஒரு பெண் பிறந்து, படித்து, வேலை செய்து, நடுவயதைக் கடக்கும் காலம் முழுக்க அந்த நாட்டில் பெண் இயக்கிய முழுநீளக் கதைப்படம் எதுவும் இல்லை.

அந்த இடைவெளி தானாக முடிந்துவிடவில்லை. 1973இல் அரசு திரைப்படப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. முதல் அணியில் சேர்ந்தவர்களில் ஆம்ஸ்ட்ராங்கும் ஒருவர். சர்வதேச மகளிர் ஆண்டுக்குப் பிறகு, 1976இல், பெண்கள் எடுக்கும் படங்களுக்கென்றே ஒரு நிதியம் உருவானது. சிட்னியிலும் மெல்பர்னிலும் பெண்கள் குழுக்களாகக் கூடிக் கேமராவைக் கையாளவும் படத்தொகுப்பு செய்யவும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். பொதுப்பணமும் அமைப்பான இயக்கமும் சேர்ந்தபோதுதான் கதவு திறந்தது. பின்னால் சொல்லப்போகும் கணக்குகளைப் படிக்கும்போது இந்த வரலாற்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டுகளில் பிரிட்டனில் பெண்ணியத் திரைக்கோட்பாடு உருவாகிக்கொண்டிருந்தது. 1972இல் எடின்பரோ திரைப்பட விழாவில் பெண்கள் எடுத்த படங்களுக்கென ஒரு தனி நிகழ்வு நடந்தது. அதை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவரான லாரா மல்வி 1975இல் வெளியிட்ட கட்டுரை, ஹாலிவுட் கேமரா பெண்ணை எப்படிப் பார்க்கிறது, பார்வையாளரை எந்த இடத்தில் உட்கார்த்திப் பார்க்க வைக்கிறது என்று கேட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உலகம் முழுவதும் திரைப்படத் துறை வகுப்பறைகளில் அந்தக் கேள்விதான் ஆட்சி செய்தது. திரையில் தெரியும் பெண்ணை எப்படி வாசிப்பது என்பதில் ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் அபாரமான திறமை பெற்றார்கள். திரைக்குப் பின்னால் சம்பளப் பட்டியலில் இருக்கும் பெண்ணைப் பற்றிப் பேச அவர்களுக்குக் கருவிகள் குறைவாகவே இருந்தன.

வெர்ஹோவன் இந்த மரபில் படித்து வந்தவர். ஆனால் அவருடைய ஆர்வம் தொடக்கத்திலிருந்தே படத்தின் சட்டகத்தைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியப் படங்களில் செம்மறியாடு எப்படி இடம்பெறுகிறது என்று 2006இல் ஒரு நூல் எழுதினார். கம்பளித் தொழிலையும் தேசிய அடையாளத்தையும் சினிமாவையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் துணிச்சல் அதில் இருந்தது. 2009இல் நியூசிலாந்தில் பிறந்து சிட்னியில் படித்த இயக்குநர் ஜேன் காம்பியன் பற்றி ஒரு நூல். காம்பியன் 1993இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற முதல் பெண். அவரைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக அவர் படங்களின் அழகியலுக்குள் மூழ்கிவிடுவார்கள். வெர்ஹோவன் கேட்டது வேறு கேள்வி. ‘மேதை இயக்குநர்’ என்ற நிலைக்கு ஒருவர் எப்படி வந்து சேர்கிறார்? திரைப்பட விழாக்கள், பேட்டிகள், நிதி நிறுவனங்கள், விநியோகஸ்தர்கள், விமர்சகர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பெயரை எப்படி எழுப்புகிறார்கள்? திறமை தனிமனிதருடையதாக இருக்கலாம், அந்தத் திறமைக்குக் கிடைக்கும் அங்கீகாரம் பல பேரின் உறவுகளால் ஆனது என்ற எண்ணம் அப்போதே அவரிடம் இருந்தது. பிற்கால ஆய்வுகளின் விதை இதில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

நூலகத்துக்குள் மட்டும் உட்கார்ந்திருந்த ஆய்வாளரும் அல்ல அவர். 2000 முதல் 2002 வரை ஆஸ்திரேலியத் திரைப்படக் கழகத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தார். நாட்டின் முதன்மைத் திரை விருதுகளை வழங்கிய அமைப்பு அது. விருதுக்கு எந்தப் படம் வருகிறது, நடுவராக யார் உட்காருகிறார்கள், பணம் தருபவர்களை எப்படிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் உள்ளிருந்து பார்த்தவர். பிறகு மெல்பர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அந்தக் கழகத்தின் ஆய்வுத் தொகுப்பைக் கவனித்துக்கொண்டார். தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகத்தின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். டீக்கின் பல்கலைக்கழகத்திலும் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பொறுப்புகள் வகித்துவிட்டு, கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பாலினம், பண்பாட்டுத் தரவியல் ஆகியவற்றுக்கான ஆய்வு இருக்கைக்குச் சென்றார்.

தரவின் பக்கம் அவரை இழுத்தது முதலில் பாலினப் பிரச்சினை அல்ல, கிரேக்கப் படங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மெல்பர்னில் கிரேக்கர்கள் பெருமளவில் குடியேறினார்கள். அவர்களுக்காகவே நகரின் பல திரையரங்குகள் கிரேக்கப் படங்களைத் திரையிட்டன. ஆஸ்திரேலிய சினிமா வரலாற்று நூல்களில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஏனென்றால் அந்த நூல்கள் ஆஸ்திரேலியாவில் எடுக்கப்பட்ட படங்களின் வரலாறாக இருந்தன, அங்கே மக்கள் பார்த்த படங்களின் வரலாறாக இல்லை. எந்த அரங்கு, எந்தத் தேதி, எந்தப் படம், அந்த வட்டாரத்தில் யார் குடியிருந்தார்கள் என்று அவரும் புவியியல் ஆய்வாளர்களும் சேர்ந்து தொகுத்து, வரைபடத்தில் ஏற்றினார்கள். புலம்பெயர்ந்த சமூகம் ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைகளே அந்த வரைபடத்தில் தெரிந்தன. சென்ற ஊரிலெல்லாம் தங்கள் மொழிப் படத்துக்காக அரங்கை வாடகைக்கு எடுத்த சமூகங்களுக்கு இந்த ஆய்வின் அருமை சொல்லாமலே புரியும்.

அங்கிருந்து வளர்ந்ததுதான் ‘கினோமேட்டிக்ஸ்’ என்ற ஆய்வுத் திட்டம். உலகில் 48 நாடுகளின் திரையரங்குக் காட்சி நேரங்களைத் தினந்தோறும் சேகரித்தது. ஒரு படம் வெளியானது என்று பதிவாவது ஒன்று, அது எத்தனை அரங்கில், எந்தக் காட்சியில், எத்தனை நாள் ஓடியது என்பது வேறு. வெள்ளிக்கிழமை இரவுக் காட்சி கிடைத்த படத்தையும், செவ்வாய்க்கிழமை முற்பகல் ஒரே காட்சி கிடைத்த படத்தையும் ‘வெளியான படங்கள்’ என்ற ஒரே பட்டியலில் போட்டால் உண்மை மறைந்துவிடும். இந்தத் தரவில் பெண்கள் இயக்கிய படங்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, மொத்தப் படங்களில் அவற்றுக்கு இருந்த பங்கைவிட மொத்தக் காட்சிகளில் அவற்றுக்குக் கிடைத்த பங்கு மிகவும் குறைவாக இருந்தது. படம் எடுக்கும் வரை ஒரு தடை, எடுத்த பிறகு இன்னொரு தடை. பெண்கள் எடுக்கும் படத்துக்குக் கூட்டம் வராது என்று வியாபாரிகள் சொல்வதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காட்சியே கொடுக்காத படத்துக்குக் கூட்டம் எங்கிருந்து வரும்?

வெர்ஹோவனுக்கு முன்பே எண்ணும் வேலையைத் தொடங்கியவர்களை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்த்தா லாசன் 1998 முதல் ஆண்டுதோறும் வசூலில் முன்னணியில் உள்ள 250 அமெரிக்கப் படங்களை எடுத்து, முக்கியப் பொறுப்புகளில் எத்தனை பெண்கள் என்று எண்ணி வருகிறார். முதல் ஆண்டில் இயக்குநர்களில் பெண்கள் 9 விழுக்காடு. இருபது ஆண்டுகள் கழித்து, 2018இல், 8 விழுக்காடு. இடையில் எத்தனை கருத்தரங்குகள், எத்தனை வழிகாட்டித் திட்டங்கள், எத்தனை வாக்குறுதிகள்! 2024இல் அது 16 விழுக்காடாக உயர்ந்தது உண்மை. அந்த உயர்வும் 2017இல் பாலியல் சுரண்டலுக்கு எதிரான குரல் வெடித்து, ஸ்டுடியோக்கள் வெளிப்படையாகப் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி வந்த பிறகு நிகழ்ந்தது. லாசனின் பொறுமைக்கு இத்துறை பெரிதும் கடன்பட்டிருக்கிறது. அவர் எண்ணியிராவிட்டால் நிலைமை மாறிவருகிறது என்று சொல்பவர்களை மறுக்க ஆதாரமே இருந்திருக்காது. ஆனாலும் இருபது ஆண்டுகள் கழித்தும் ஏறக்குறைய அதே எண் வந்ததே, அதிலேயே ஒரு செய்தி இருக்கிறது. விகிதத்தைச் சொல்வதால் மட்டும் விகிதம் மாறுவதில்லை.

2015இல் சிட்னி வட்டாரத்தில் எண்மக் கலையியல், அதாவது கணினியின் துணையோடு கலை, இலக்கியம், வரலாறு ஆகியவற்றை ஆராயும் துறை, ஆய்வாளர்களின் சர்வதேச மாநாடு நடந்தது. தொடக்க நிகழ்வில் மேடையேறியவர்கள் வரிசையாக ஆண்கள். அதே மாநாட்டில் பேசிய வெர்ஹோவன், இங்கே ஒரு பெண்ணையாவது யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சு பெண்களை முன்வரச் சொல்லி ஊக்கம் கொடுத்து முடியும். அவர் பேசியது ஆண்களிடம். அதிகாரத்தின் பிடி உங்கள் கையில் இருக்கிறது, கையை எடுங்கள் என்பதுதான் அதன் சாரம்.  அடுத்து வந்த அவருடைய திரைத்துறை ஆய்வுகள் அதே பேச்சைத் தரவின் மொழியில் சொல்கின்றன.

அதே ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலிய அரசின் திரை நிதி அமைப்பான ஸ்கிரீன் ஆஸ்திரேலியா, முழுநீளக் கதைப்படங்களில் தயாரிப்பாளர்களில் 32 விழுக்காடு, எழுத்தாளர்களில் 23 விழுக்காடு, இயக்குநர்களில் 16 விழுக்காடு மட்டுமே பெண்கள் என்று கணக்குக் காட்டி, 50 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் ஒரு திட்டத்தை அறிவித்தது. எழுத்தாளர், தயாரிப்பாளர், இயக்குநர், கதையின் மையப் பாத்திரம் ஆகிய நான்கில் மூன்று பெண்களாக இருக்கும் படைப்புகளுக்கு அதில் இடம் கிடைத்தது. நல்ல தொடக்கம். ஆனால் இந்த வரையறையைக் கவனித்துப் பாருங்கள். மையப் பாத்திரம் பெண், தயாரிப்பாளர் பெண், எழுத்தாளர் பெண் என்றால் போதும், இயக்குநர் நாற்காலியில் பழையபடி ஆண் உட்காரலாம். மிகக் குறைவாக இருந்த இடத்தைத் தொடாமலே தேர்வில் தேறிவிட வழி இருந்தது. ஓராண்டு கழித்து, 2016 டிசம்பரில், சிட்னியில் நடந்த திரை விருது விழாவின் சிவப்புக் கம்பளத்தில் பெண் திரைக் கலைஞர்கள் சிலர் கொத்திறைச்சிக் குழல் (சாசேஜ்) வடிவில் உடையணிந்து புகுந்தார்கள். ஆண்கள் மட்டும் கூடும் விருந்தை ஆங்கிலத்தில் கேலியாகச் சொல்லும் ‘சாசேஜ் பார்ட்டி’ என்ற தொடரையே உடையாக்கிய போராட்டம் அது. வெர்ஹோவன் ஒரு காலத்தில் தலைமை தாங்கிய கழகத்தின் வழிவந்த விருதுகள்தான் அவை.

ஏறத்தாழ அதே நேரத்தில் வெர்ஹோவனும் சக ஆய்வாளர் ஸ்டூவர்ட் பாமரும் ஆஸ்திரேலியப் படங்களின் பெயர்ப் பட்டியல்களை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். எத்தனை பெண்கள் என்று எண்ணுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஆண் தயாரிப்பாளரையும் எடுத்து, அவருடைய படங்களில் இயக்கவும் எழுதவும் யார் யார் வந்தார்கள் என்று தொடர்ந்து போனார்கள். படம் மாறும், ஆண்டு மாறும், கூட இருப்பவர்கள் மாறுவதில்லை. தயாரிப்பாளர், இயக்குநர், எழுத்தாளர் மூவரும் ஆண்கள். அடுத்த படத்திலும் ஆண்கள். பல ஆண் தயாரிப்பாளர்களின் பத்தாண்டுப் பட்டியல் இப்படித்தான் இருந்தது. பிரச்சினை பெண்களிடம் இல்லை, ஆண்களிடம் இருக்கிறது என்று அவர்கள் பொதுவெளியில் எழுதியபோது பலருக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் பெயர்ப் பட்டியல் பொது ஆவணம். அதோடு யாரும் வாதாட முடியாது.

இந்த வேலை முதிர்ந்து 2020இல் ‘பிளாஸ் ஒன்’ ஆய்விதழில் வெளியானது. கணினியியல் ஆய்வாளர் கதர்சினா முசியல் உள்ளிட்ட குழுவோடு, ஆஸ்திரேலியா, ஸ்வீடன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளின் திரைத்துறைகளை வலைப்பின்னல்களாக வரைந்து ஆராய்ந்தார்கள். இந்த ஆய்வைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயன் தரும்.

ஒவ்வொரு இயக்குநர், தயாரிப்பாளர், எழுத்தாளரும் ஒரு புள்ளி. இருவர் ஒரே படத்தில் வேலை செய்திருந்தால் இரு புள்ளிகளுக்கும் இடையே ஒரு கோடு. நாடு முழுவதன் படங்களையும் இப்படி வரைந்தால், சில இடங்களில் கோடுகள் அடர்ந்து முடிச்சாகும். பல படங்கள் எடுத்து, பலரோடு வேலை செய்தவர்களின் இடம் அது. சில புள்ளிகள் ஒரே ஒரு கோட்டில் தொங்கிக்கொண்டிருக்கும், ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்த வாய்ப்பு வராதவர்கள். சில இடங்களில் ஆண் புள்ளிகள் மட்டும் தங்களுக்குள் கோடு போட்டுக்கொண்டு தனித்தீவாக நிற்கும். மூன்று நாடுகளிலும் ஆண்களோடு மட்டுமே வேலை செய்த ஆண்களின் பங்கு பெரிதாக இருந்தது.

ஆய்வின் அடுத்த படி இன்னும் சுவையானது. இருக்கும் வலைப்பின்னலைக் கணினியில் ஏற்றி, பல ‘இப்படி நடந்தால்?’ கேள்விகளைக் கேட்டு அது எப்படி மாறும் என்று ஓடவிட்டார்கள். புதிதாகப் பெண்களைச் சேர்த்தால்? பெண்களோடு வேலையே செய்யாத ஆண்களை நீக்கிவிட்டால்? பெண்களுக்கும், செல்வாக்குள்ள ஆண்களுக்கும் இடையே தொடர்புகள் உருவானால்?

முதல் வழி அரசுகளுக்கு மிகவும் பிடித்தது. திரைப்படப் பள்ளிகளில் இடம், உதவித்தொகை, முதல் படத்துக்கு மானியம். எண்ணிக்கை உயரும், அறிக்கை அழகாக இருக்கும். ஆனால் வலைப்பின்னலின் மூடிய தன்மையை இது மட்டும் மாற்றிவிடுவதில்லை. இதற்கு என் விளக்கம் இது: புதிதாக வரும் பெண் இயல்பாகவே ஏற்கெனவே பெண்களோடு வேலை செய்பவர்களிடம் போய்ச் சேர்கிறார். பெண்களைச் சேர்க்காத தீவு அப்படியேதான் இருக்கிறது. முதல் படத்தின் மானியம் முடிந்ததும் இரண்டாம் படத்துக்கு அவரை அழைக்க யாரும் இல்லை. இரண்டாவது வழி கோபத்துக்கு இதமானது. பெண்களோடு வேலை செய்யாத ஆண்களைத் துறையை விட்டே விலக்கினால் தீர்ந்தது என்று தோன்றும். கணினி அதையும் செய்து பார்த்தது. அதுவும் முக்கியக் காரணியாக வரவில்லை. வலைப்பின்னலைத் திறப்பதில் அதிகப் பலன் தந்தது மூன்றாவது வழிதான்: அதிகாரம் உள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே தொழில் உறவு உருவாவது.

இந்த முடிவைப் படித்ததும் பெண்ணியவாதிகள் பலருக்கு நெருடும். எனக்கும் நெருடியது. கடைசியில் செல்வாக்குள்ள ஆணின் தயவில்தான் பெண்ணின் வாய்ப்பு இருக்கிறது என்றல்லவா இது சொல்கிறது? அப்படி வாசித்தால் ஆய்வு தலைகீழாகிவிடும். இதைச் சாக்காக வைத்து, பெரிய தயாரிப்பாளர் இளம்பெண்களுக்கு மாதம் ஒரு முறை காபி வாங்கிக் கொடுத்து அறிவுரை சொல்லும் வழிகாட்டித் திட்டம் தொடங்கினால் அது கேலிக்கூத்து. ஆய்வு பேசுவது அறிவுரையைப் பற்றி அல்ல, ஒரே படத்தில் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி. ஊதியமும் ஒப்பந்தமும் திரையில் பெயரும் உள்ள உறவைப் பற்றி. அந்த உறவை ஆணின் நல்ல மனத்துக்கு விட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலான படங்களில் பொதுப்பணம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. பணம் கொடுப்பவருக்கு நிபந்தனை விதிக்கும் உரிமை உண்டு. அதை யார்மேல் விதிப்பது என்பதுதான் கேள்வி. இதுவரை நிபந்தனைகள் பெரும்பாலும் நுழைவாயிலில் நிற்கும் பெண்கள்மேல் விழுந்தன. முடிச்சின் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள்மேல் அவற்றை விதிக்க வேண்டும் என்பதே இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

ஸ்வீடனின் அனுபவம் இதற்குத் துணை நிற்கிறது. அன்னா செர்னர் 2011இல் ஸ்வீடன் திரைப்பட நிறுவனத்தின் தலைமைக்கு வந்து, பொதுநிதியில் பாதி பெண் இயக்குநர்களுக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதை நிறுவனத்தின் அன்றாட வேலையாக்கினார். சில ஆண்டுகளிலேயே அந்த இலக்கு கைக்கெட்டியது. தரம் கெட்டுவிடும் என்று பயமுறுத்தியவர்களுக்குச் சர்வதேச விழாக்களில் பெண்கள் வென்ற விருதுகளே பதிலாயின. ஆனால் அதே நிறுவனம் 2018இல் பண விவகாரத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டபோது, பெண்கள் இயக்கிய படங்களின் பட்ஜெட்டும் விளம்பரச் செலவும் ஆண்களின் படங்களைவிடக் குறைவு என்பது வெளிப்பட்டது. படங்களின் எண்ணிக்கையில் சமம், பணத்தின் அளவில் சமமில்லை. இந்தக் குறையை மறைக்காமல் தன் அறிக்கையிலேயே அச்சிட்டதற்காக அந்த நிறுவனத்தை நான் மதிக்கிறேன்.

கனடாவுக்குச் சென்ற பிறகு வெர்ஹோவன், ஜெர்மனியின் பாபெல்ஸ்பெர்க் திரைப்படப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காடி லோயிஸ்ட், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரிஸ் ரூத் ஐக்ஹாஃப் ஆகியோருடன் சேர்ந்து இன்னொரு பெரிய வேலையை எடுத்துக்கொண்டார். மூன்று நாடுகளின் பாலினச் சமத்துவக் கொள்கைகள் உண்மையில் என்ன விளைவைத் தந்தன என்று அளப்பது. 2005 முதல் 2020 வரையிலான படங்களின் தரவை வைத்து, இப்போதைய வேகத்திலேயே போனால் சமநிலை எப்போது வரும் என்று கணித்தார்கள். ஜெர்மனியில் 2041. பிரிட்டனில் 2085. கனடாவில் 2215.

கனடாவின் எண்ணைப் பார்த்து அதிர்ந்தவர்கள் பலர். பெண்கள் சினிமாவுக்குப் பெயர்போன நாடு அது. அரசுப் பணத்தில் பெண்களுக்கென்றே இயங்கிய உலகின் முதல் திரைப்படப் பிரிவு 1974இல் அங்கேதான், தேசியத் திரைப்பட வாரியத்துக்குள், கேத்லீன் ஷானன் தலைமையில் தொடங்கியது. அருமையான ஆவணப்படங்களை எடுத்த அந்தப் பிரிவு 1996இல் மூடப்பட்டது. 2016இல் அதே வாரியம் தன் படங்களில் பாதி பெண்கள் இயக்கியவையாக இருக்கும் என்று உறுதி கூறியது. ஒரு நிறுவனத்தின் நற்பெயரை நாடு முழுவதன் நற்பெயராக எடுத்துக்கொண்டு எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். வாரியத்தின் பலம் ஆவணப்படத்திலும் அனிமேஷனிலும். கதைப்படத் தொழிலின் பெரும்பகுதி அதற்கு வெளியே நடக்கிறது. 2215 என்பது சோதிடம் அல்ல. மாற்றத்தின் வேகம் எவ்வளவு மந்தம் என்பதைக் காட்டும் அளவுகோல். வேகத்தை மாற்றினால் ஆண்டும் மாறும்.

இந்த ஆய்வு கொள்கைகளைப் படித்துப் பார்த்தபோது, அவற்றில் பல பெண்களைச் சீர்திருத்தும் கொள்கைகளாகவே இருந்தன: பயிற்சி, வழிகாட்டல், தன்னம்பிக்கை முகாம். ஆண்களின் வேலைப் பழக்கத்தைத் தொடும் கொள்கைகள் அரிது. ஆண், பெண் என்ற இரட்டைக்குள் அடங்காதவர்களைப் பற்றிக் கொள்கைகள் ஏறக்குறைய மௌனம். வெள்ளையரல்லாத பெண்கள், பூர்வகுடிப் பெண்கள், மாற்றுத்திறனாளிப் பெண்கள் ஆகியோரின் நிலை ‘பெண்கள்’ என்ற ஒற்றை எண்ணுக்குள் கரைந்துவிடுகிறது. வலைப்பின்னல் ஆய்வுக்கும் இந்தக் குறை உண்டு. தரவுத்தளத்தில் என்ன பதிவாகியிருக்கிறதோ அதைத்தான் வரைய முடியும். ஒரு பெண் ஏன் இரண்டாவது படம் எடுக்கவில்லை என்பதைப் புள்ளியும் கோடும் சொல்லாது. அதற்கு அவரோடு உட்கார்ந்து பேசும் ஆய்வாளர் வேண்டும், படத்தைக் கூர்ந்து வாசிக்கும் விமர்சகரும் வேண்டும். மல்வி தலைமுறையின் வேலை காலாவதியாகிவிட்டது என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. கேமரா யார் கையில் என்பதும், அது எதை எப்படிப் பார்க்கிறது என்பதும் தொடர்புள்ள கேள்விகள். ஆண்கள் மட்டும் சேர்ந்து எடுக்கும் படத்தில் பெண் எப்படி வருகிறாள் என்பதைத்தானே முதல் தலைமுறை எழுதிக்கொண்டிருந்தது?

தகுதி என்ற வாதத்துக்கும் வந்தாக வேண்டும். நல்ல கதை இருந்தால் ஆணா பெண்ணா என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். திரைப்படப் பள்ளிகளில் பெண்கள் கணிசமாகப் படித்து வெளியே வருகிறார்கள். விழாக்களில் விருது பெறுகிறார்கள். தகுதி மட்டுமே அளவுகோலாக இருந்தால், பத்தாண்டுகளில் பல படங்கள் எடுத்த ஒருவர் ஒரு முறையாவது தகுதியுள்ள பெண் ஒருவரைத் தற்செயலாகவேனும் சந்தித்திருக்க வேண்டும். ஒருவர்கூட அமையவில்லை என்றால் அவர் தேடும் வட்டம் அவ்வளவு சிறியது என்றுதான் பொருள். திரைத்துறையில் ஆளெடுப்பு விளம்பரம் கொடுத்து நடப்பதில்லை. தெரிந்தவரிடம் கேட்பது, போன படத்தில் நன்றாக வேலை செய்தவரைத் திரும்ப அழைப்பது, நம்பிக்கையானவர் சொன்ன பெயரை ஏற்பது. பெரும் பணமும் பெரும் அபாயமும் உள்ள தொழிலில் இது புரிந்துகொள்ளக்கூடிய பழக்கம். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே, ஒரு பெண் உள்ளே வரமுடியாத சுவர் எழும்பிவிடும். அந்தச் சுவரை நல்லெண்ணம் இடிக்காது என்பதால்தான் விதி தேவைப்படுகிறது.

அந்த விதியை எழுதத் தேவையான தகவல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. நிதி கேட்டு வரும் ஒவ்வொரு தயாரிப்பாளரின் முந்தைய படங்களின் பட்டியல் நிதி அமைப்புகளின் கோப்புகளில் உண்டு. இப்போது அதை வைத்து அவரால் படத்தை முடிக்க முடியுமா, பட்ஜெட்டுக்குள் நிற்பாரா என்று மட்டும் பார்க்கிறார்கள். கடந்த பத்தாண்டுகளில் இவரோடு இயக்கியவர்கள், எழுதியவர்கள் யார் யார் என்ற ஒரு பத்தியைப் படிவத்தில் சேர்த்து, அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் போட வேண்டும். பட்டியலில் ஒரு பெண்கூட இல்லாதவர், வந்திருக்கும் இந்தப் படத்தில் அதை எப்படி மாற்றப்போகிறார் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே பொதுப்பணம் போக வேண்டும்.